வேலைக்குச் சைக்கிளில் வர வேண்டாம் என்கிறார்களா? யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம்

நான் கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் நிறுவனக் கிளைக்கு வேலைக்குப் போகிறேன். கணக்குப் பிரிவு. ஒரு வழிக்கு ஆறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. சேர்ந்த நாளிலிருந்து சைக்கிள்தான். நாலாவது மாதம் மனேஜர் கூப்பிட்டு, “பிள்ளை, கஸ்டமர்மார் பாக்கினம். ஒரு ஸ்கூட்டி எடுக்கலாமே. லீசிங்குக்கு நானே சொல்லிவிடுறன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகப்பன் சொல்வது போலத்தான் சொன்னார். அடுத்த கிழமை, சைக்கிளை உள்ளே விட வேண்டாம் என்று செக்கியூரிட்டி அண்ணைக்கு உத்தரவு போயிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வெளியே கான் ஓரமாகச் சாத்தினார். அன்று பின்னேரம் வந்து பார்த்தால் பின் ரியூப்பின் வால்வைக் காணவில்லை. கந்தர்மடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த்தான் ஒரு கடையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மாதம் இழுபட்டது. இப்போது சைக்கிள் உள்ளே, கூரைக்குக் கீழே நிற்கிறது. அதற்கு அனுமதி தந்த கடிதம் என் கோப்பில் இருக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் முதல் இரண்டை நான் வீணாக்கினேன். சைக்கிள் உடம்புக்கு நல்லது, பெற்றோல் மிச்சம், 2022இல் எரிபொருள் வரிசை நின்றபோது எல்லாரும் சைக்கிளில்தானே வந்தார்கள் என்றெல்லாம் மனேஜருடைய அறையில் நின்று வாதாடினேன். சொன்னது அத்தனையும் உண்மை, ஒன்றும் எடுபடவில்லை. அவருடைய பிரச்சினை அது இல்லை. சைக்கிளுக்காக வாதாடுவதை விட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் காரணத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, கடதாசியில் பதில் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வேலை நடந்தது.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிளில் வேலைக்கு வருவதை உரிமையாக்கும் தனிச்சட்டம் இங்கே இல்லை. அதனால் “இது என் உரிமை” என்று தொடங்கினால் அடுத்த வசனத்திலேயே மாட்டுப்படுவீர்கள். ஆனால் சம்பளம், வேலைநீக்கம், வழியில் நடக்கும் விபத்து ஆகியவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. அது எங்கே கைகொடுக்கும் என்பதை 7ஆம், 8ஆம், 9ஆம் படிகளில் சொல்கிறேன்.

1. நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள்

சேர்ந்த நாளில் கையெழுத்து வைத்துவிட்டு அலுமாரிக்குள் போட்ட கடிதத்தைத்தான் சொல்கிறேன். அதில் நாலு விடயங்களைத் தேடுங்கள்: வாகனம் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா, போக்குவரத்துப்படி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, வேலை தொடங்கும் நேரம் என்ன, உடை பற்றி என்ன சொல்கிறது.

“மோட்டார் சைக்கிளும் சாரதி அனுமதிப்பத்திரமும் இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தால் உங்கள் கதை வேறு. கடன் அறவிட, விற்பனைக்கு, களவேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படி எழுதுவது வழக்கம். அவர்கள் ஒரு நாளில் சாவகச்சேரிக்கும் வட்டுக்கோட்டைக்கும் போய்வர வேண்டும், அதைச் சைக்கிளில் செய்ய முடியாது. நீங்கள் அந்த நிபந்தனைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, இப்போது மேசை வேலைக்கு மாற்றப்பட்டிருந்தால், நிபந்தனையை மாற்றித் தரும்படி தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். அது முடியும் வரைக்கும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். முடிய ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருங்கள். அந்த இடைவெளியில் 3ஆம் படியில் உள்ள பதிவைத் தொடங்கிவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2. சொல்லும் காரணம் எது என்று பிடியுங்கள்

சைக்கிள் வேண்டாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட காரணங்கள் ஐந்துதான். வாடிக்கையாளர் பார்ப்பார்கள், மதிப்பில்லை. நேரத்துக்கு வர மாட்டீர்கள். வேர்வையோடு வந்து இருக்கிறீர்கள். நிறுத்த இடமில்லை. வழியில் ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பெடுக்க முடியாது.

இதில் முதலாவதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். ஆனால் அதை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள். “எங்கள் ஊழியர் சைக்கிளில் வருவது எங்களுக்கு மரியாதைக் குறைவு” என்று எந்த மனேஜரும் கடிதத் தலைப்பில் அடித்துக் கையெழுத்து வைக்கத் தயங்குவார். எழுத்தில் கேட்கும்போது நேரம், இடம், பாதுகாப்பு என்று மற்ற நாலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த நாலுக்கும் பதில் இருக்கிறது. அதனால்தான் எழுத்தில் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வாயால் சொன்னால் அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள்: “சேர், இன்று காலை நீங்கள் சொன்னபடி நாளை முதல் சைக்கிளை வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாது என்று விளங்கிக்கொண்டேன். பிழையாக விளங்கியிருந்தால் அறியத் தாருங்கள்.” இவ்வளவுதான். கோபம் வேண்டாம், காரணம் கேட்கவும் வேண்டாம். திகதியோடு ஒரு பதிவு உண்டாகிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆனால் அலுவலகக் குழுவுக்குள் போடவே கூடாது. குழுவில் போட்டால் மனேஜருக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டி வரும், அதற்குப் பிறகு அவரால் இறங்கிவர முடியாது. எங்கள் கிளையில் இன்னொரு தம்பி அப்படிப் போட்டுத்தான் மூன்று மாதம் கதையில்லாமல் இருந்தான்.

3. இரண்டு கிழமைக்கு நேரத்தை எழுதுங்கள்

ஒரு சிறு கொப்பி போதும். வீட்டுப் படலையைத் தாண்டிய நேரம், அலுவலகம் சேர்ந்த நேரம், காற்று, மழை, வழியில் தடை. நான் 6.55க்கு வெளிக்கிட்டு 7.25க்குச் சேர்வேன். கூடிய நேரம் எடுத்த நாள் 38 நிமிடம்.

காற்றை ஏன் எழுத வேண்டும் என்றால், பட்டணத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குத் தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கினால் காலையில் எதிர்க்காற்று. ஐந்து, ஆறு நிமிடம் கூடும். வடகிழக்குக் காற்றான வாடைக்குப் பின்னேரம்தான் எதிர்க்காற்று, அதனால் வேலைக்கு வரும் நேரம் கெடாது. சாவகச்சேரிப் பக்கமிருந்தோ தீவுப் பக்கமிருந்தோ வருபவர்களுக்கு இது வேறுமாதிரி. நாவற்குழிப் பாலத்திலும் பண்ணைப் பாலத்திலும் காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லை. அந்த வழியால் வருகிறீர்கள் என்றால் பதினைந்து நிமிடம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பலாலி வீதியால் நேரே வருவதை விட ஒழுங்கைகளால் வருவது எனக்குப் பாதுகாப்பாகப் பட்டது. திருநெல்வேலிச் சந்தியில் சந்தைக்கு வரும் லொறிகளும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களும் சேரும் காலை நேரத்தில் சைக்கிள்காரருக்கு ஓரமே இருக்காது. ஆனால் ஒழுங்கையால் வந்தால் கோகுவில், கோண்டாவில் பக்கத்தில் ரயில் கடவை குறுக்கிடலாம். கேற் போட்டுவிட்டால் காத்து நிற்க வேண்டியதுதான். உங்கள் நேரத்துக்கு எந்த ரயில் வருகிறது என்று பார்த்து வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மறிக்கப்பட்டிருக்கும். அந்த நாட்களுக்கு வேறு வழியை முன்கூட்டியே ஓடிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று செய்யுங்கள். அலுவலக விரல்ரேகை மெசினில் இருந்து உங்களுடைய மூன்று மாத வரவுப் பதிவை எடுத்துத் தரும்படி மனிதவளப் பிரிவில் கேளுங்கள். எனக்கு இதுதான் கைகொடுத்தது. மூன்று மாதத்தில் நான் பிந்தியது இரண்டே நாள், இரண்டும் மழை நாள். அந்த இரண்டு நாளும் மோட்டார் சைக்கிளில் வந்த நாலு பேரும் பிந்தியிருந்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கும்படி நான் எழுதவில்லை. என்னுடைய பதிவை மட்டும் இணைத்தேன், பார்த்தவர்களுக்கு விளங்கியது.

4. வேர்வையும் உடுப்பும்

இதைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை, சரிசெய்துவிட வேண்டியதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்தில் நடந்து வந்தாலும் வேர்க்கும். பத்து நிமிடம் முந்தி வாருங்கள், ஒரு சிறு துவாய் கொண்டுவாருங்கள், மேல் உடுப்பை மடித்து பையில் கொண்டுவந்து அங்கே மாற்றுங்கள். சேலை கட்ட வேண்டிய அலுவலகம் என்றால், சல்வாரில் வந்து அங்கே மாற்ற இடம் இருக்கிறதா என்று பெண் ஊழியர்களிடம் முதலில் கேட்டு வையுங்கள். ஆண்கள் லோங்ஸின் வலது காலை மடிக்காமல் வரவேண்டும் என்றால் சைக்கிளுக்குச் செயின் கவர் கட்டாயம். முழுக் கவர் போட்ட சைக்கிளில் கிறீஸ் படாது.

5. நிறுத்தும் இடம்

என் அனுபவத்தில் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கும், அல்லது விழும். “இடமில்லை” என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம், போய் அளந்து பாருங்கள். ஒரு சைக்கிள் நிற்க ஏறக்குறைய ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் இரண்டு சைக்கிள் நிற்கும். நான் மதிய இடைவேளையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினேன். செக்கியூரிட்டி அண்ணைதான் மறுநுனியைப் பிடித்தார். பின்பக்கம், ஜெனரேற்றர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே நாலு சைக்கிள் நிற்கக்கூடிய இடம் சும்மா கிடந்தது. உடைந்த கதிரை இரண்டு, ஒரு பழைய பெயர்ப்பலகை, அவ்வளவுதான். மேலே தகரம் இருந்தது. வாசலில் இருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது.

வாசலில் இருந்து தெரியாது என்பதைக் கவனியுங்கள். மனேஜருடைய உண்மையான கவலை வாடிக்கையாளர் கண்ணில் படுவதுதான். அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே அதற்கும் பதில் கொடுத்துவிடலாம். சைக்கிள் பின்பக்கம் நிற்பது உங்களுக்கு அவமானம் இல்லை. வெயில் படாத இடம் ரயருக்கும் சீற்றுக்கும் நல்லது.

இடம் இல்லவே இல்லை என்றால் பக்கத்துக் கடை, தெரிந்தவர் வீட்டு முற்றம், மாதக் காசு வாங்கும் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் எதையாவது பாருங்கள். பஸ் நிலையத்தையும் வைத்தியசாலையையும் அண்டிய பகுதியில் இப்படியான இடங்கள் உண்டு. மாதக் காசு கொடுத்தால் நாள் காசை விடக் குறையும்.

எங்கே நிறுத்தினாலும் சைக்கிள் உங்களுடையது என்று காட்டக் கடதாசி வேண்டும். இவற்றை இப்போதே தயார் செய்யுங்கள்:

வாங்கிய பற்றுச்சீட்டு, அதில் பிரேம் இலக்கம் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கடைக்குத் திரும்பக் கொண்டுபோய் எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள். பழைய சைக்கிள் என்றால் விற்றவரிடம் ஒரு சிறு கடிதம். பிரேம் இலக்கம் பெரும்பாலும் சீற்றுக்குக் கீழே அல்லது பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். கறள் பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, படம் எடுத்து வையுங்கள். களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது இந்த இலக்கத்தைத்தான்.

அடுத்தது உள்ளூராட்சிச் சபையின் துவிச்சக்கர வண்டி அனுமதி. நீங்கள் வசிக்கும் இடத்து மாநகர சபை அல்லது பிரதேச சபைக்குப் போய் அந்த வருடத்துக்கான கட்டணத்தைக் கட்டி எடுங்கள். வேலை செய்யும் இடத்துச் சபைக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டணம் சபைக்குச் சபை வேறுபடும், பெரிய காசு இல்லை. அடையாள அட்டையையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள். காலையிலேயே போனால் அன்றே முடியும். இது எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் கடிதத்தோடு இதன் பிரதியையும் இணைத்தபோது, இது விளையாட்டுக்கு ஓடும் சைக்கிள் அல்ல, பதிவு செய்த வாகனம் என்பது தெளிவாகத் தெரிந்தது.

6. கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரே ஒரு விடயத்தைக் கேளுங்கள். சுற்றாடல், ஆரோக்கியம், வெளிநாட்டில் எப்படி என்பதெல்லாம் வேண்டாம். என் கடிதத்தின் நடுப்பகுதி இது, வேண்டுமானால் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

“நான் தங்கள் கிளையின் கணக்குப் பிரிவில் கடமையாற்றி வருகிறேன். வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியில் கடமைக்கு வருகிறேன். அதனை வளாகத்தினுள் நிறுத்த வேண்டாம் என எனக்கு வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது. கடந்த மூன்று மாத வரவுப் பதிவும், துவிச்சக்கர வண்டி அனுமதியின் பிரதியும், வளாகத்தின் பின்புறத்தில் பயன்படுத்தப்படாமல் உள்ள இடத்தின் அளவுப் படமும் இணைக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் நிறுத்த அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுமதிக்க இயலாதவிடத்து, அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தருமாறும் தயவுடன் வேண்டுகிறேன்.”

கடைசி வசனம்தான் கடிதத்தின் உயிர். அதை வெட்டிவிடாதீர்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கிளை மனேஜருக்குக் கையில் கொடுத்து, மற்றதில் “பெற்றுக்கொண்டேன்” என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியில் ஒட்டி வையுங்கள். தலைமையகம் கொழும்பில் என்றால் அங்குள்ள மனிதவளப் பிரிவுக்கு உடனே அனுப்ப வேண்டாம். முதல் 14 நாள் கிளைக்கு அவகாசம் கொடுங்கள். மனேஜரைத் தாண்டிப் போனீர்கள் என்ற பழி வந்தால் கதை சைக்கிளில் இருந்து ஒழுக்கத்துக்கு மாறிவிடும். பதினைந்தாம் நாள் அதே கடிதத்தை, அங்கே வாசிக்கக்கூடிய மொழியில் மாற்றி, முன்னைய பிரதியையும் இணைத்து அனுப்பலாம். எனக்குக் கொழும்பில் இருந்து பதில் வர 19 நாள் எடுத்தது.

எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மகஜர் கொடுப்பது இந்த விடயத்தில் பயன்படாது. சைக்கிளில் வரும் மற்றவர்கள் தனித்தனியாக, தங்கள் தங்கள் பெயரில் எழுதினால் மட்டும் பலன் உண்டு. எங்கள் கிளையில் துப்புரவுப் பணி செய்யும் அக்காவும் சைக்கிளில்தான் வருவார். அவருடைய கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கையெழுத்து அவருடையது. அவருடைய சைக்கிளைப் பற்றி அதுவரைக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் அந்தக் கடிதம் காட்டிக்கொடுத்தது. ஒருவருடைய சைக்கிளுக்கு இடம் இருந்ததென்றால் இன்னொருவருடையதற்கும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

7. காசு விடயத்தில் இரண்டு பொறிகள்

முதலாவது, போக்குவரத்துப்படி. சைக்கிளில் வருகிறீர்கள், உங்களுக்கு எதற்குப் படி என்று நிறுத்தப் பார்ப்பார்கள். நியமனக் கடிதத்தில் மாதாந்தம் இவ்வளவு என்று நிலையான தொகை எழுதியிருந்தால் அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்தது. எதில் வந்தாலும் கொடுக்க வேண்டும், வெட்டினால் சம்பளச் சீட்டோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். மாறாக, “எரிபொருள் பற்றுச்சீட்டுக் காட்டினால் மீளளிக்கப்படும்” என்று எழுதியிருந்தால் செலவழிக்காததைக் கேட்க முடியாது. அப்போது யாராவது அன்பாக, “என்ர பெற்றோல் பில்லை வைச்சு எடுங்கோ” என்பார்கள். வாங்காதீர்கள். பொய்ப் பற்றுச்சீட்டு ஒன்று போதும் உங்களை ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்த.

இரண்டாவது, லீசிங். மனேஜரே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மேசையில் இருத்தினாலும் அன்று கையெழுத்து வைக்க வேண்டாம். மாதத் தவணையைக் கேட்காமல், கடைசித் தவணை கட்டி முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன் என்று கேளுங்கள். அதற்கு மேல் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், பெற்றோல், சேர்விஸ், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் என்றால் பயிற்சிக் காசும் மருத்துவச் சான்றிதழும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது கையில் வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். தவணை பிந்தினால் வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். “மதிப்பில்லை” என்று சொன்ன எவரும் அன்றைக்குப் பக்கத்தில் வந்து நிற்கப் போவதில்லை.

சைக்கிளுக்கு நான் இந்த ஐந்து மாதத்தில் செலவழித்தது: நல்ல பூட்டு 1,400 ரூபாய், மழைக்கோட்டு 2,200, முன் லைட்டும் பின் சிவப்பு லைட்டும் 1,150, பின் ரயர் ஒன்று, மூன்று தடவை ஒட்டுப் போட்ட காசு. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், லைட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

8. வழியில் விபத்து நடந்தால்

“ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை” என்று சொல்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் அப்போது உள்ளடக்கப்பட்டது. உச்ச நட்டஈடும் 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே நீங்கள் சைக்கிளை விட்டு ஸ்கூட்டியில் வந்தாலும், வழியில் விழுந்தால் நிறுவனத்தின் பொறுப்பு இல்லாமல் போகாது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், கதை வரும்போது தகவலாகச் சொல்லுங்கள்.

“என் சொந்தப் பொறுப்பில் சைக்கிளில் வருகிறேன், விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், பிறகு விடுகிறோம் என்பார்கள். எனக்கும் கேட்டார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக “இரவில் லைட் பயன்படுத்துவேன், வீதி விதிகளைப் பின்பற்றுவேன்” என்று எழுதிக் கொடுக்கச் சம்மதியுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

விழுந்தால்: 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. சிறு காயம் என்று வீட்டுக்குப் போய்விடாமல் அன்றே அரச வைத்தியசாலையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள், வேலைக்குப் போகும் வழி என்று வாக்குமூலத்தில் கட்டாயம் எழுதுவியுங்கள். அன்றே அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பற்றுச்சீட்டு, சைக்கிளின் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். சந்தைக்குப் போய், கோயிலுக்குப் போய், பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தால் அது வேலையிலிருந்து திரும்பும் வழியா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு இடம் வைக்காத வழியை வழக்கமாக்குவது நல்லது.

9. மறுத்தால், அல்லது எச்சரிக்கைக் கடிதம் வந்தால்

நிறுத்த இடம் தர மாட்டோம் என்று மட்டும் எழுத்தில் வந்தால், அதற்காகத் தொழில் அலுவலகத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வெளியே நிறுத்த ஒழுங்கு செய்துகொண்டு தொடர்ந்து வாருங்கள். அவர்களால் வளாகத்துக்குள் விட மறுக்க முடியும். வளாகத்துக்கு வெளியே நீங்கள் எதில் வந்து இறங்குகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது இன்னொரு கதை.

சைக்கிளைக் காரணமாக வைத்து விளக்கம் கோரும் கடிதம் வந்தால், அதில் சொன்ன திகதிக்குள் பதில் கொடுத்தே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுப்பார்கள். பதிலில் திகதிகளையும் இணைப்புகளையும் மட்டும் எழுதுங்கள். முன்னைய படிகளைச் செய்திருந்தால் இதற்கு ஒரு மணித்தியாலம் போதும்.

வேலையை விட்டு நிறுத்தினால்: 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும். “பேசிப் பார்ப்பம், பொறுங்கோ” என்று இழுத்தடித்தே நாளை முடித்துவிடுவார்கள், ஆகவே நாட்காட்டியில் அடையாளம் போட்டு வையுங்கள். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, வந்துபோன கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். அரச ஊழியர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்கள் திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் போக வேண்டும்.

10. அனுமதி கிடைத்த பிறகு

வாயால் “சரி, உள்ள விடுங்கோ” என்று சொன்னால் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதில் எந்த இடம், எந்தத் திகதி முதல் என்று எழுதுங்கள். அதுவே உங்கள் அனுமதிக் கடிதம். அதன் பிரதி ஒன்றைச் செக்கியூரிட்டி மேசையிலும் வைக்கச் சொல்லுங்கள். உத்தரவு வாயால் மாறும்போது மாட்டுப்படுவது அந்த அண்ணைதான், அவரிடம் காட்ட ஒரு கடதாசி இருக்க வேண்டும்.

மனேஜர் மாறி வேறொருவர் வந்தால் முதல் கிழமையிலேயே அந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் கிளைக்குப் புதியவர் ஆவணியில் வந்தார். நான் கடிதத்தை நீட்டியபோது, எந்த இடம் என்று கேட்டு என்னோடு பின்பக்கம் நடந்து வந்தார். இப்போது அங்கே நாலு சைக்கிள் நிற்கிறது. உடைந்த கதிரைகளை எடுத்துவிட்டு, மதிலோரமாக இன்னும் ஒன்று நிற்கக்கூடிய மாதிரிச் சீமெந்து போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.